எட்டு போடுவதும் பலூன் ஊதுவதும்

கேள்வி:

ஐயா, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். 8.4 சி.ஜி.பி.ஏ., ஓர் அரியர்கூட இல்லை. சென்ற மாதம் வளாகத் தேர்வுக்கு வந்த ஒரு பன்னாட்டு நிறுவனம் முதல் சுற்றிலேயே கணினி விளையாட்டு வைத்தது. பலூனை ஊதிக் காசு சேர்ப்பது, கட்டங்களில் தோன்றி மறையும் புள்ளிகளை நினைவில் வைப்பது, எண்களைத் திருப்பிச் சொல்வது என்று அரை மணி நேரம். என் பலூன்கள் நிறைய வெடித்துவிட்டன. இரண்டாம் நாள் 'தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை' என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. என்னைவிட மதிப்பெண் குறைந்த, எந்நேரமும் மொபைலில் விளையாடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இருவர் தேர்வாகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மொபைல் விளையாட்டு தம்பிக்கு மட்டுமே உரியது; நான் ஆடியதே இல்லை. மினி பஸ் ஓட்டும் என் அப்பா, "பலூன் ஊதத் தெரியவில்லை என்பதற்காகவா வேலை இல்லை என்றார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் வரும் நிறுவனமும் இதே போன்ற சுற்று வைக்கப்போகிறது என்கிறார்கள். இது நியாயமான தேர்வுதானா? இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே நமக்கு மரியாதை என்று தோன்றுகிறது. சரிதானா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பியுங்கள். பெயர் கொடுக்கும் கெடு என்றைக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் சுற்றி வளைத்து எழுதி, நீங்கள் அதை முழுவதும் படித்து முடிப்பதற்குள் அது கடந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை முதல் வரியாக வைத்தேன்.

நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில்சார் உளவியல் படித்தவன். நிறுவனங்களுக்கு ஆளெடுப்புத் தேர்வுகளை அமைத்துத் தருவதுதான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் பிழைப்பு. உங்களை வெளியேற்றியது போன்ற விளையாட்டுகளை நானே சில இடங்களில் பரிந்துரைத்திருக்கிறேன். ஆகவே, பால்காரர் பாலைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதுபோல, கொஞ்சம் தண்ணீரைக் கழித்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. 'விளையாட்டை வைத்தா ஆளெடுப்பது?' என்பது ஒன்று. 'ஏன் வேண்டாம் என்றார்கள் என்று சொல்லவே இல்லையே' என்பது இன்னொன்று. முதல் கோபத்தில் பாதி நியாயம்கூட இல்லை என்பது என் கருத்து. இரண்டாவதில் முழு நியாயம் இருக்கிறது. நீங்களோ முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இரண்டாவதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

அப்பாவிலிருந்து தொடங்குவோம். அவரும் ஒரு காலத்தில் இருசக்கர வாகன உரிமத்துக்காக ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் எட்டு போட்டிருப்பார். லைசென்ஸ் வாங்கிய பிறகு எத்தனை நாள் சாலையில் எட்டு போட்டு ஓட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள்கூட இருக்காது. ஓட்டியிருந்தால் போலீஸ்காரர் ஊதச் சொல்லியிருப்பார். ஆனாலும் எட்டு போடச் சொல்வது அநியாயம் என்று யாரும் கோபப்படுவதில்லை. மெதுவாகப் போகும்போது வண்டி சாயாமல் இருக்கிறதா, வளைவில் உடம்பும் கைப்பிடியும் சேர்ந்து திரும்புகின்றனவா, பதற்றத்தில் கால் தரையைத் தேடுகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு நிமிடம் காட்டிவிடும். வேலையைப் போலவே தோற்றமளிக்காத ஒரு செயல், வேலைக்கு வேண்டிய ஒன்றை அளக்கலாம். எங்கள் துறையில், ஒரு தேர்வு பார்வைக்கு வேலையோடு பொருந்துவதாகத் தெரிவது வேறு, உண்மையிலேயே பொருந்துவது வேறு என்று பாடம் நடத்துவோம். அப்பாவுக்கு அந்தப் பாடம் தேவைப்படாது.

நீங்கள் ஆடிய விளையாட்டுகளும் நேற்று முளைத்தவை அல்ல. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையை 1887இல் லண்டனில் மாணவர்களிடம் நடத்திப் பார்த்தவர் ஜோசப் ஜேக்கப்ஸ். (பிற்பாடு நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்றாரே, அதே ஜேக்கப்ஸ்தான். இந்தியக் கதைகளையும் தொகுத்திருக்கிறார். நினைவாற்றலை அளந்தவருக்குப் பாட்டி கதைகளில் ஆசை வந்தது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.) புள்ளிகளை நினைவில் வைத்துக்கொண்டே நடுவில் வேறொரு கேள்விக்கும் பதில் சொல்வது, மனம் ஒரே நேரத்தில் எவ்வளவு சுமக்கும் என்பதை ஆய்வகங்களில் அளக்க நெடுங்காலமாகப் பயன்படும் முறை. அதற்கு வண்ணமும் ஒலியும் சேர்த்துத் திரையில் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது பழைய சரக்கு.

உங்கள் சீனியர்கள் எழுதிய ஆப்டிடியூட் தாளை நினைத்துப் பாருங்கள். 'எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எத்தனை வினாடியில் ஒன்றையொன்று கடக்கும்?' மென்பொருள் வேலைக்கும் அந்த ரயிலுக்கும் என்ன உறவு? யாரும் கேட்கவில்லை. தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வைத்து, ஆறு மாதம் ரயிலையும் படகையும் குழாயையும் தொட்டியையும் போட்டுப் பழகினார்கள். பழகிவிட்டதால் அது 'தேர்வு' ஆகிவிட்டது. பலூன் புதிது என்பதால் அது 'விளையாட்டு' ஆகிறது. கேப்ஜெமினி போன்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளாக இந்தியக் கல்லூரிகளில் அந்தத் தாளின் இடத்தில் விளையாட்டுச் சுற்றை வைக்கின்றன. உங்கள் ஜூனியர்கள் இதற்கும் ஒரு தடித்த புத்தகம் வாங்கிப் பழகிவிடுவார்கள். அப்போது இந்தக் கோபமும் இருக்காது.

பலூனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

2002இல் கார்ல் லெஜூஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சோதனை அது. ஒவ்வோர் ஊதலுக்கும் கொஞ்சம் காசு சேரும். எந்த ஊதலில் வெடிக்கும் என்பது தெரியாது. வெடிப்பதற்கு முன் நிறுத்தினால் காசு உங்களுடையது. வெடித்துவிட்டால் அந்தப் பலூனில் சேர்ந்தது போய்விடும். இழப்பு வரலாம் என்று தெரிந்தும் ஒருவர் எதுவரை போகிறார் என்பதை, 'நீங்கள் துணிச்சல்காரரா?' என்று வாயால் கேட்காமல் கையால் செய்யவைத்துப் பார்ப்பதுதான் நோக்கம். அந்த ஆய்வில் முக்கியமாக எதைக் கணக்கிட்டார்கள் தெரியுமா? வெடித்த பலூன்களை ஒதுக்கிவிட்டு, வெடிக்காத பலூன்களைச் சராசரியாக எத்தனை முறை ஊதினார்கள் என்பதை. வெடித்த பலூன் உங்களைப் பாதியில் நிறுத்திவிடுகிறது அல்லவா, நீங்கள் எதுவரை போயிருப்பீர்கள் என்பதை அது சொல்லாது. ஆகவே 'நிறைய வெடித்துவிட்டன, அதனால் தோற்றேன்' என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு ஆதாரம் இல்லை. ஒன்று வெடித்ததும் அடுத்ததில் பயந்து சீக்கிரம் நிறுத்துகிறோமா, போன காசைப் பிடிக்கும் வேகத்தில் இன்னும் ஊதுகிறோமா என்பதையும் கணினி கவனிக்க முடியும். இதில் நூற்றுக்கு நூறு என்று ஒன்று கிடையாது. பல மாதக் கடனுக்குச் சரக்கு விற்கப் போகிறவரிடம் விரும்பப்படும் கை வேறு. மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவரிடம் விரும்பப்படும் கை வேறு.

புள்ளி விளையாட்டு அப்படி இல்லை. அதில் சரி, தவறு உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், தயாராகும் இடத்தில் தேவைப்படும்.

இப்போது 'இது நியாயமான தேர்வுதானா?' என்ற உங்கள் கேள்வி. நீங்கள் மட்டும்தான் இப்படிக் கேட்கிறீர்களா? இல்லை அம்மா. விண்ணப்பதாரர்கள் ஒரு தேர்வைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதே எங்கள் துறையில் தனியொரு கிளை. 1993இல் ஸ்டீபன் கில்லிலண்ட் என்ற ஆய்வாளர், தேர்வுமுறை ஒன்றை மக்கள் எப்போது நியாயம் என்று ஏற்கிறார்கள் என்பதைத் தொகுத்துக் கொடுத்தார். வேலையோடு தொடர்பு தெரிகிறதா, என் திறமையைக் காட்ட இடம் கிடைத்ததா, எல்லோருக்கும் ஒரே விதியா, என்ன நடக்கிறது என்று நேர்மையாகச் சொன்னார்களா, முடிவுக்குக் காரணம் சொன்னார்களா, மறுபடி வாய்ப்பு உண்டா, மனிதராக நடத்தினார்களா. உங்கள் கடிதத்தை இந்தப் பட்டியலின் அருகே வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் அதில் இருக்கின்றன. 2004இல் ஹாஸ்க்னெக்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விண்ணப்பதாரர்கள் அதிகம் விரும்பியவை நேர்காணலும், வேலையில் ஒரு துண்டைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வதும். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் முறை கடைசி வரிசையில் கிடந்தது. மனிதர் முகம் பார்க்க வேண்டும், அல்லது வேலையின் முகமாவது தெரிய வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும்.

விளையாட்டுச் சுற்றுகளை விற்க வருகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: 'இளைஞர்களுக்கு இது மிகவும் பிடிக்கிறது.' பொய்யில்லை. ஏதென்ஸைச் சேர்ந்த ஜியோர்ஜியூ, நிக்கலாவு என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வை வழக்கமான வடிவத்தில் எழுதியவர்களைவிட விளையாட்டு வடிவத்தில் செய்தவர்கள் அதிகம் திருப்தியடைந்தார்கள், நிறுவனத்தையும் கூடுதலாக விரும்பினார்கள். விற்பனையாளர் இங்கே நிறுத்திவிடுவார். நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்த ஆய்வில் விளையாட்டாக மாற்றப்பட்டது, 'வேலையில் இப்படி ஒரு சூழல் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் தேர்வு. வேலையின் வாசனை அதிலேயே இருக்கிறது. பலூனில் அது இல்லை. அதை வைத்து இதை விற்பது, மதுரை ஜிகர்தண்டா நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஊரில் உள்ள எல்லாக் குளிர்பானத்தையும் தலையில் கட்டுவதுபோல.

ஒரு தேர்வைப் பற்றிய அபிப்பிராயத்தில் அதன் முடிவும் கலந்துவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. தேர்வான அந்த இருவரையும் கேட்டுப் பாருங்கள். 'மிக நவீனமான முறை, நம் உண்மையான திறமையைக் கண்டுபிடித்துவிடுகிறது' என்பார்கள். நீங்களும் தேர்வாகியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. குறை சொல்லவில்லை, நானும் என் முதல் வேலைத் தேர்வில் தோற்றபோது, வினாத்தாள் தயாரித்தவருக்குப் புத்தி இல்லை என்று வீட்டில் சத்தியம் செய்தவன்தான்.

சரி, மொபைலில் விளையாடிப் பழகியவர்களுக்கு இது சாதகமா? கொஞ்சம், ஆம். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாண்டர்ஸும் உடனிருந்தவர்களும், கவனமாக வடிவமைத்த விளையாட்டுத் தொகுப்பு ஒன்றையும் வழக்கமான அறிவுத்திறன் தேர்வுகளையும் ஒரே மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே திறனைத்தான் அளந்தன. விரல் வேகம் மட்டுமே ஜெயிக்கும் என்றால் அப்படி வந்திருக்காது. இதை வைத்துச் சந்தையில் இருக்கும் எல்லா விளையாட்டுக்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது; அது அந்தத் தொகுப்புக்கு மட்டும். சாதகம் வருவது வேறு இடத்தில்: முதல் முறை ஆடுகிறவருக்கு விதியைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். அறிவுத்திறன் தேர்வு எதையுமே இரண்டாம் முறை எழுதும்போது மதிப்பெண் ஏறுவது நன்கு தெரிந்த விஷயம். வகுப்புத் தோழர்களுக்கு முன்பே கிடைத்திருந்த அந்த 'முதல் முறை' உங்களுக்குச் சென்ற மாதம்தான் கிடைத்தது.

இனி உங்கள் இரண்டாவது கோபம்.

எட்டு போடுவதற்குத் திரும்புகிறேன். அப்பா எட்டு போடப் போவதற்கு முன்பே அங்கே எட்டுதான் என்று அவருக்குத் தெரியும். காலி மைதானத்தில் நண்பரின் வண்டியை வாங்கிப் பழகியிருப்பார். கால் தரையில் பட்டால் தோல்வி என்பதும் தெரியும். பட்டால் அவரே பார்ப்பார், சுற்றி நிற்பவர்களும் பார்ப்பார்கள். மறுபடி எப்போது வரலாம் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. எதை அளக்கிறார்கள் என்று முன்னால் சொல்லவில்லை. கால் எங்கே தரையில் பட்டது என்று பின்னால் சொல்லவில்லை. ஒற்றை வரி மின்னஞ்சல். பலூனைவிட அந்த ஒற்றை வரிதான் உங்களை அவமானப்படுத்தியது என்று நினைக்கிறேன். அதற்குக் கோபப்படுங்கள், தாராளமாக.

எண்களையும் புள்ளிகளையும் வைத்து அளப்பதில் எனக்குப் பெரிய சங்கடம் இல்லை. பலூன் வகையில்தான் என் துறையோடு எனக்கே சண்டை உண்டு. பல இடங்களில் நடப்பது இதுதான்: நிறுவனத்தில் இப்போது நன்றாக வேலை செய்கிறவர்கள் என்று சிலரை முதலில் இந்த விளையாட்டுகளை ஆடவைப்பார்கள். அவர்கள் ஆடிய விதத்திலிருந்து கணினி ஒரு சாயலை உருவாக்கும். பிறகு விண்ணப்பிப்பவர்களை அந்தச் சாயலோடு ஒப்பிடும். யூனிலீவர் 2016இல் புதிய பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தத் தொடங்கிய பைமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் பன்னிரண்டு விளையாட்டுகள் இந்த முறையை உலகறியச் செய்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கல்லூரி, ஒரே மாதிரி வளர்ப்பு, பெரும்பாலும் ஆண்கள் என்றால், கணினி தேடுவது திறமையையா, அவர்களின் நகலையா? பலூனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக ஊதியதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் அந்தச் சிறு வித்தியாசம் பெண்களை வடிகட்டும் சல்லடையாகிவிடும். பைமெட்ரிக்ஸ் இதை உணர்ந்து, விளைவுகளைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்தும் ஏற்பாடு வைத்திருந்தது. வெளி ஆய்வாளர்களை அழைத்துத் தணிக்கைக்கும் உட்பட்டது. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

அமெரிக்காவில் 1978இல் ஐந்தில் நான்கு பங்கு என்ற விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தேர்வெழுதிய 100 ஆண்களில் 50 பேர் தேறினால், 100 பெண்களில் குறைந்தது 40 பேராவது தேற வேண்டும். அதற்குக் கீழே போனால் தேர்வைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல், ஆளெடுப்பில் தானியங்கிக் கருவி பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் இப்படித் தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும், விண்ணப்பதாரருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தை அமல்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆளெடுக்கும் கருவிகளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் தரவைப் பற்றியது. தேர்வு நியாயமா என்பது அதன் வேலை இல்லை.

சட்டம் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை எடுக்க யாரும் தடை போடவில்லை. உங்கள் கல்லூரிப் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் அந்தச் சுற்றில் கலந்துகொண்ட மாணவிகள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை, மாணவர்கள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை என்ற நான்கு எண்கள் இருக்கும். கேளுங்கள். ஒரே கல்லூரியின் எண்கள் சிறியவை. அவற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் வித்தியாசம் கண்ணில் உறுத்தினால், அடுத்த முறை அந்த நிறுவனத்தின் எச்.ஆர். ஆட்கள் வரும்போது 'எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் இப்படி இருக்கிறது, நீங்கள் எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துச் சரிபார்த்தீர்களா?' என்று அவர் கேட்கலாம். மாணவி கேட்டால் பதில் வராது. நூறு பேரை அனுப்பும் கல்லூரி கேட்டால் வரும். நான் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து நெளிந்திருக்கிறேன்.

அவரிடமே இன்னும் இரண்டைக் கேட்டு வையுங்கள். அதே நிறுவனத்துக்கு மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்? பழைய விளையாட்டு மதிப்பெண் அப்போதும் கூட வருமா? நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். உங்களுக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமமோ வேறு குறைபாடோ இருந்தால் தேர்வுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். நல்ல விளையாட்டுகளில் அதற்கென மாற்று வடிவம் இருக்கும். முடிந்த பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள்.

தயாராவதைப் பற்றி. சரி, தவறு உள்ள விளையாட்டுகளுக்குப் பழகுங்கள். புள்ளி, எண், வரிசை மாறும் குறியீடுகள், கட்டையை நகர்த்திப் பந்துக்கு வழிவிடுவது போன்றவற்றின் மாதிரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் இருபது நிமிடம், பத்து நாள் போதும். பணம் கட்டச் சொல்லும் பயிற்சி வகுப்பு எதுவும் வேண்டாம். 'சரியான விடைகளின் பட்டியல்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் திறக்கவே திறக்காதீர்கள். புள்ளிகள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வரும். பலூன் வகைக்குப் பழகாதீர்கள். 'ஏழாவது ஊதலில் நிறுத்து' என்று எவனோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு இயந்திரம்போல் ஊதினால், அதுவும் ஒரு சாயலாகப் பதியும். யாருக்கும் பொருந்தாத சாயல். விதியை இரண்டு முறை படித்துவிட்டு, உங்கள் காசாக நினைத்து ஆடுங்கள். தொடக்கத்தில் பழகுசுற்று கொடுத்தால் அவசரப்பட்டு அதைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. நடுவில் மின்சாரமோ இணையமோ போனால் அழுதுகொண்டு உட்காராமல், நேரத்தைக் குறித்து, திரையைப் படம் எடுத்து, அந்த நிமிடமே நிறுவனத்துக்கும் பிளேஸ்மென்ட் அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் நம்ப மாட்டார்கள்.

புறக்கணிப்பது மரியாதை என்று எழுதியிருந்தீர்கள். பெரிய பதவியில் இருப்பவர், நான்கு நிறுவனங்கள் வாசலில் காத்திருப்பவர், 'உங்கள் விளையாட்டெல்லாம் என்னிடம் வேண்டாம்' என்று எழுந்து போகலாம். போகிறார்கள், திறமையானவர்களை அப்படி இழந்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். இறுதியாண்டில், முதல் வேலைக்காக நிற்கும் நீங்கள் எழுந்து போனால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே போய் எச்.ஆர். சுற்றில் உட்கார்ந்து, 'கேள்வி இருக்கிறதா?' என்று அவர்கள் கேட்கும்போது, 'முதல் சுற்றில் எங்களிடம் எதை அளந்தீர்கள், இந்த வேலைக்கு அது ஏன் தேவை?' என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவர்களிடம் வேலைக்குச் சேருவது நல்லது. மழுப்பினால், சம்பளக் கடிதம் கையில் வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் எட்டு கதையைச் சொல்லுங்கள். 'பலூன் ஊதத் தெரியாமல் இல்லை அப்பா, என் கால் எங்கே தரையில் பட்டது என்று அவர்கள் சொல்லவில்லை' என்று சொல்லுங்கள். ஓட்டுநருக்குப் புரியும்.

பழகுவதற்குத் தம்பியின் மொபைல் போதும். வாங்கிக்கொள்ளுங்கள், அவன் முறைத்தாலும். தேர்வை மட்டும் மொபைலில் எழுதாதீர்கள். மடிக்கணினியின் தொடுபலகையிலும் விரல் வழுக்கும். கல்லூரி ஆய்வகத்தில் மவுஸ் உள்ள ஒரு கணினியை அன்றைக்கு உங்களுக்கு ஒதுக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்; கடைசி நேரத்தில் எல்லோரும் கேட்பார்கள்.